சொல் அறிவோம்: ‘நேர்ச்சர்’ என்றால் வளர்ப்பா, பராமரிப்பா?

சென்ற இதழில் முன்பள்ளிகளைப் பற்றிய பதிலொன்றில் ‘நேர்ச்சர்’ என்ற ஆங்கிலச் சொல்லை விளக்கம் எதுவுமின்றிப் பயன்படுத்திவிட்டேன். அது என் தவறு. அதைக் கேட்டு வந்த கடிதங்களில் ஆறினை எடுத்து இங்கே பதில் எழுதுகிறேன்.

முன்பள்ளி ஆசிரியை, மல்லாவி: ஐயா, எங்களுக்கு நடந்த பயிற்சியொன்றில் ‘நேர்ச்சரிங் கெயார்’ என்ற தொடரை ‘வளர்ப்புப் பராமரிப்பு’ என்று தமிழாக்கித் தந்தார்கள். பெற்றோர் கூட்டத்தில் அதை அப்படியே சொன்னபோது, ஒரு தாய் எழுந்து, கோழிக்குஞ்சு கொடுக்கப் போகிறார்களா என்று கேட்டார். இதற்குச் சரியான தமிழ் என்ன?

அந்தத் தாயைக் குறை சொல்ல மாட்டேன். மீள்குடியேற்றத்துக்குப் பின்னர் வன்னியில் வாழ்வாதார உதவிப் படிவங்களை நிரப்பியவர்களுக்கு ‘வளர்ப்பு’ என்றால் கோழி வளர்ப்பு, ஆடு வளர்ப்பு, தேனீ வளர்ப்பு என்பவையே முதலில் நினைவுக்கு வரும். ‘பராமரிப்பு’ என்றாலோ வீதியும் வாய்க்காலும் கிணறுமே வரும். இரண்டையும் ஒட்டிவைத்தால் அதற்குள் பிள்ளை எங்கே இருக்கிறது?

‘நேர்ச்சர்’ என்ற சொல்லின் வேர் இலத்தீன் மொழியின் ‘நூத்ரீரே’ என்ற வினை. பாலூட்டுதல், உணவூட்டுதல் என்பதே அதன் பொருள். அங்கிருந்து பழைய பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. போசாக்கைக் குறிக்கும் ‘நியூற்றிஷன்’ என்பதும் அதே வேரில் பிறந்ததுதான். ஆகவே இந்தச் சொல்லின் நடுவில் இருப்பது வளர்ச்சியல்ல, ஊட்டுதல். வளர்ச்சி அதனால் விளைவது. தமிழில் ‘ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்’ என்று சொல்லும்போது ‘ஊட்டி’, ‘வளர்த்தல்’ என்று இரண்டு வினைகளைச் சேர்த்துச் சொல்கிறோமே, ஆங்கிலம் அந்த இரண்டையும் ஒரே சொல்லுக்குள் அடக்கியிருக்கிறது. எனவே ஒற்றைச் சொல்லைத் தேடி அலையாமல் ‘பேணி வளர்த்தல்’ என்று இரண்டு வினைகளாகவே சொல்லுங்கள் என்பதே என் ஆலோசனை.

உங்களுக்குத் தந்த தொடர், உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் உலக வங்கியும் வேறு சில அமைப்புகளோடு சேர்ந்து 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட சட்டகம் ஒன்றின் பெயரிலிருந்து வந்தது. உடல்நலம், போதிய போசாக்கு, பிள்ளையின் குறிப்பறிந்து நடத்தல், பாதுகாப்பு, தொடக்கக் கற்றல் என்ற ஐந்தையும் அது ஒன்றாகச் சேர்த்துப் பேசுகிறது. மூன்றாவதைத்தான் பெற்றோருக்கு விளக்கச் சற்று நேரம் எடுக்க வேண்டும். குழந்தை ஒரு சத்தம் போட்டால் தாய் அதன் முகத்தைப் பார்த்து ஒரு சொல் திருப்பிச் சொல்வதும், அது வாயை மூடித் தலையைத் திருப்பினால் இனிச் சோறு வேண்டாம் என்கிறது என்று புரிந்துகொள்வதுமே அங்கே சொல்லப்படுவது. பேரப்பிள்ளையை மடியில் வைத்துக் கதைகேட்கும் அம்மம்மாக்கள் எந்தப் பயிற்சியுமின்றி அதைச் செய்துவருகிறார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தச் சட்டகம் கருவுற்ற நாளிலிருந்து மூன்று வயது வரையிலான காலத்தையே முதன்மையாக எடுத்துக்கொள்கிறது. பிள்ளை உங்கள் முன்பள்ளிக்கு வரும்போது அந்தக் காலம் ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. ஆகவே கூட்டத்துக்கு அந்தப் பிரிவின் குடும்பநல உத்தியோகத்தரையும் அழைத்து, வீட்டில் தம்பி தங்கை உள்ள தாய்மாரை முன்வரிசையில் இருத்தினால் பயன் கூடும்.

பழந்தமிழில் இதற்கு அழகான சொல் ஒன்று உண்டு: புறந்தருதல். ‘ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே’ என்று பொன்முடியார் பாடிய புறநானூற்றுப் பாட்டு (312) தொடங்குகிறது. அந்தப் பாட்டு போர்க்களத்தில் போய் முடிவதால் பலருக்கும் கடைசி வரியே மனதில் நிற்கிறது. எனக்கு இந்த முதல் வரியே போதும்.

சாதாரண தர மாணவன், விசுவமடு: ‘அம்மா என்னை வளர்த்தார்’ என்பதற்கு ‘மை மதர் குறூ மீ’ என்று எழுதினேன். ஆசிரியர் சிவப்பு மையால் வெட்டிவிட்டார். ‘அப்பா மாடு வளர்க்கிறார்’ என்பதற்கு ‘நேர்ச்சர்’ போட்டேன். அதையும் வெட்டிவிட்டார். ஏன்?

தம்பி, முதலாவது பிழைக்குக் காரணம் உமது தமிழ் நன்றாயிருப்பதே. தமிழில் ‘வளர்ந்தேன்’, ‘வளர்த்தார்’ என்று ஒரே வினை தன்வினையாகவும் பிறவினையாகவும் வருகிறது. பயிருக்கும் பிள்ளைக்கும் மாட்டுக்கும் தாடிக்கும் அந்த ஒரு வினையே போதும். ஆங்கிலத்தின் ‘குறோ’ அப்படியில்லை. நான் வளர்ந்தேன் என்பதற்கு அது பொருந்தும். நெல்லையும் மிளகாயையும் வளர்த்தேன் என்பதற்கும், தாடி வளர்த்தேன் என்பதற்கும்கூடப் பொருந்தும். ஆனால் தாய் பிள்ளையை வளர்த்தார் என்பதற்கு அதைப் போட்டால், அம்மா உம்மைப் பாத்தியில் நட்டுத் தண்ணீர் ஊற்றினார் என்பதுபோல் ஆகிவிடும். அந்த இடத்தில் பிரித்தானிய ஆங்கிலத்தில் ‘பிறிங் அப்’ என்றும், அமெரிக்கர் பெரும்பாலும் ‘றெய்ஸ்’ என்றும் எழுதுவார்கள். ஆகவே ‘மை மதர் புறோட் மீ அப்’ என்று எழுதும்.

மாட்டுக்கு ‘றியர்’ அல்லது ‘கீப்’ என்பதே வழக்கு. ‘நேர்ச்சர்’ என்று எழுதினால் இலக்கணம் கெடாது. ஆனால் வாசிப்பவர் மனதில் பட்டி மாடு வராது, தாய்ப்பசு செத்துப்போன கன்றொன்றுக்கு உமது அப்பா போத்தலில் பால் பருக்கிக்கொண்டிருக்கும் காட்சிதான் வரும். அப்படியொரு கன்று வீட்டில் இருந்தால் தயங்காமல் எழுதலாம்.

மாங்குளத்திலிருந்து ஒரு வாசகர்: மரக்கன்று விற்கும் இடத்தையும் ‘நேர்சரி’ என்கிறார்கள், சின்னப் பிள்ளைகள் படிக்கும் இடத்தையும் ‘நேர்சரி’ என்கிறார்கள். ஆஸ்பத்திரியில் ‘நேர்ஸ்’ இருக்கிறார். இவற்றுக்குள் தொடர்பு உண்டா?

உண்டு, மூன்றும் மேலே சொன்ன இலத்தீன் வேரின் கிளைகள். ‘நேர்ஸ்’ என்பவர் முதலில் மருத்துவமனைக்காரர் அல்லர்; பிறர் பிள்ளைக்குப் பாலூட்டி வளர்த்த பெண். நோயாளரைப் பார்க்கும் பொருள் பிறகு வந்தது. தமிழும் இதே பாதையில் நடந்திருப்பதுதான் வியப்பு. தமிழ்நாட்டில் இன்று ‘செவிலியர்’ என்கிறார்கள். அகப்பாடல்களில் செவிலி என்பவள் தலைவியை வளர்த்த தாய், ‘தோழி தானே செவிலி மகளே’ என்கிறது தொல்காப்பியம். நாங்கள் சொல்லும் ‘தாதி’ என்ற சொல்லுக்கும் வளர்ப்புத்தாய் என்ற பொருள் உண்டு. ஒருவருக்கொருவர் கடன் வாங்காமலேயே இரு மொழிகளும் வளர்த்தவளைக் கொண்டுபோய் நோயாளியின் கட்டிலருகே நிறுத்தியிருக்கின்றன.

கன்றையும் பிள்ளையையும் ஒன்றாகப் பார்ப்பதில் ஆங்கிலத்தைவிட நாங்கள் ஒரு படி மேல் என்றே சொல்வேன். ‘பிள்ளை, குழவி, கன்று, போத்து’ என்ற இளமைப் பெயர்களை ஓரறிவு உயிரான மரஞ்செடிகளுக்கும் சொல்லலாம் என்று தொல்காப்பிய மரபியல் இடம் கொடுக்கிறது. இன்றும் நாங்கள் நடுவது தென்னம்பிள்ளை. தாய்மரத்தருகே கிளம்புவது வாழைக்குட்டி. பனைக்கு மட்டும் ‘வடலி’ என்ற தனிப்பெயர். அது பயன் தர எத்தனை காலம் எடுக்கும் என்பதை ‘வடலி வளர்த்துக் கள்ளுக் குடிக்கிற கதை’ என்ற பேச்சு சொல்லிவிடும். மற்றபடி, கன்று விற்கும் இடத்தை ‘நாற்றுமேடை’ என்பது வன்னி விவசாயிக்குச் சற்று இடறும். நெல்லைப் பெரும்பாலும் வீசி விதைக்கும் ஊரில் நாற்றுமேடை என்றால் மிளகாயும் கத்தரியும் முளைக்கும் சிறு பாத்திதான். ‘கன்றுப் பண்ணை’ என்று எழுதினால் குழப்பமில்லை.

நெடுங்கேணியிலிருந்து ஒரு வாசகி: ‘நேச்சர்’, ‘நேர்ச்சர்’ என்று எதுகைபோல் சேர்த்துச் சொல்கிறார்களே, அது யார் சொன்னது? தமிழில் எப்படிச் சொல்லலாம்?

அறிவியல் விவாதமாக அதைப் பரப்பியவர் பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேயர். 1874இல் ஆங்கில அறிவியலாளரைப் பற்றி அவர் எழுதிய நூலின் தலைப்பிலேயே இந்த இரு சொற்களும் உள்ளன. காதுக்கு இசைவான, வசதியான சொற்சேர்க்கை என்று அவரே அதைச் சொன்னார். ஆனால் சோடியை அவர் கண்டுபிடிக்கவில்லை. 1611இல் அரசவையில் நடிக்கப்பட்ட சேக்சுபியரின் ‘த ரெம்பெஸ்ட்’ நாடகத்தில், கலிபன் என்ற பாத்திரத்தின் பிறவிக் குணத்தில் எந்த வளர்ப்பும் ஒட்டாது என்று ஏசும் இடம் உண்டு. ஏசுபவன் கலிபனின் தீவைத் தன் ஆட்சிக்குள் எடுத்துக்கொண்டவன் என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். கால்டனும் பிறப்பின் பக்கமே சாய்ந்தவர். மனித இனத்தைத் தெரிந்தெடுத்து மேம்படுத்தலாம் என்ற கொள்கைக்கு 1883இல் பெயர் வைத்தவரும் அவரே. அந்தக் கொள்கை பின்னர் செய்த கொடுமைகளை உலகம் அறியும்.

தமிழில் ‘பிறப்பும் வளர்ப்பும்’ என்றால் ஓசையும் அமைகிறது, பொருளும் அமைகிறது. இந்த விவாதம் எங்களுக்குப் புதியதுமல்ல. மூதுரையில் ஒரே வெண்பாவுக்குள் ‘தான்கற்ற நூலளவே ஆகுமாம் நுண்ணறிவு’ என்று வளர்ப்புக்கு ஒரு பங்கையும், ‘குலத்தளவே ஆகுமாம் குணம்’ என்று பிறப்புக்கு ஒரு பங்கையும் ஔவையார் கொடுக்கிறார். முன்னதை ஏற்கிறேன், பின்னதை வகுப்பறையில் பல ஆண்டுகள் நின்ற எவரும் ஏற்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

‘நேர்ச்சர்’ என்றால் அன்பு மட்டுமே என்றும் எண்ணிவிட வேண்டாம். அதே 1611இல் வெளிவந்த ஆங்கில வேதாகமத்தில், பிள்ளைகளைக் கர்த்தருக்குரிய ‘நேர்ச்சரில்’ வளர்க்கும்படி எபேசியருக்கு எழுதிய நிருபம் (6:4) சொல்கிறது. தமிழ் வேதாகமத்தில் அந்த இடத்தில் உள்ள சொல் ‘சிட்சை’. கண்டித்துப் பழக்குவதும் அன்று இந்தச் சொல்லுக்குள் இருந்தது. இன்றைய வழக்கில் அந்தப் பொருள் தேய்ந்துவிட்டது. ஊரில் ஒரு பிள்ளை பிழை செய்தால் ‘என்ன வளர்ப்பு வளர்த்திருக்கிறாள்’ என்கிறார்களே, அந்த ‘வளர்ப்பு’ பழைய ஆங்கிலப் பொருளுக்கு மிக அருகில் நிற்கிறது. அந்த வசையில் எப்போதும் ‘வளர்த்திருக்கிறாள்’ என்றே வருவதும், ‘வளர்த்திருக்கிறான்’ என்று வராததும் தனியாக எழுத வேண்டிய விடயம்.

துணுக்காயிலிருந்து ஒரு வாசகர்: கெட்டதற்கும் இந்தச் சொல் வருமா?

வரும். பகையை, மனத்தாங்கலை, வீண் ஆசையை நெடுநாள் உள்ளே வைத்து ஊட்டினால் அதற்கும் ‘நேர்ச்சர்’ என்பார்கள், ‘நேர்ஸ்’ என்பது இன்னும் வழக்கம். நாங்கள் ‘வன்மம் வளர்க்கிறான்’ என்பதைப் போலவே. ஒரு கோப்பைத் தேநீரை ஒரு மணிநேரம் கையில் வைத்து உறிஞ்சுபவரையும் அதை ‘நேர்ஸ்’ பண்ணுகிறார் என்பார்கள். எங்கள் தேநீர்க்கடைகளில் அந்தக் கலையில் தேர்ந்தவர்கள் பலர்.

பல்கலைக்கழக மாணவி, புதுக்குடியிருப்பு: எனக்கு இரண்டு வயதிலிருந்து அம்மம்மாவே எல்லாம். புலமைப்பரிசில் விண்ணப்பமொன்றை ஆங்கிலத்தில் நிரப்ப வேண்டியிருக்கிறது. அம்மம்மாவை ‘பொஸ்ரர் மதர்’ என்று எழுதலாமா, அல்லது என்னை ‘அடொப்ட்’ செய்தவர் என்று எழுதலாமா? ‘நேர்ச்சர்’ என்று எழுதினால் போதுமா?

‘பொஸ்ரர்’ என்ற சொல்லுக்கும் பழைய ஆங்கிலத்தில் உணவு என்பதே பொருள். ஆகவே சொல்லளவில் அது உங்கள் அம்மம்மாவுக்குப் பொருத்தமானதே. ஆனால் விண்ணப்பப் படிவத்தில் அது வேறு பொருள் பெறும்: சொந்தமல்லாத ஒருவர், ஒரு காலத்துக்கு மட்டும், பெரும்பாலும் ஏதேனும் அதிகாரிகளின் ஏற்பாட்டில் பிள்ளையைப் பொறுப்பேற்றல். ‘அடொப்ட்’ என்பது அதைவிடக் கண்டிப்பான சட்டச்சொல். மகவேற்புக்கு இலங்கையில் 1941ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் உள்ளது. நீதிமன்றக் கட்டளை இல்லாமல் அந்தச் சொல்லை எழுதினால் அதற்குரிய பத்திரத்தைக் கேட்பார்கள். ‘நேர்ச்சர்’ என்பது படிவத்துக்கு ஆகாது, அது கட்டுரைக்குரிய சொல்.

பொறுப்பாளர் பெயர் கேட்கும் கட்டத்தில் அம்மம்மாவின் பெயரை எழுதுங்கள். உறவுமுறை கேட்கும் கட்டத்தில் ‘மற்றேர்னல் கிறாண்ட்மதர்’ என்று எழுதுங்கள். ‘கார்டியன்’ என்ற சொல் அச்சிடப்பட்டிருந்தால் அது பாதுகாவலரைக் குறிக்கும். சட்டப்படியான நியமனம் இருக்கிறதா என்று படிவம் கேட்டால் மட்டும், இல்லையென்றால் இல்லை என்று குறிப்பிடுங்கள். உங்களைப் பற்றி நூற்றைம்பது சொற்களில் எழுதும்படி கேட்டிருந்தால், அதன் முதல் வாக்கியமாக ‘ஐ வோஸ் புறோட் அப் பை மை கிறாண்ட்மதர்’ என்று எழுதி, அம்மம்மா எந்த வேலை செய்து உங்களைப் படிப்பித்தார் என்பதை இரண்டாவது வாக்கியத்தில் எழுதுங்கள்.