கடித்துத் தடை பெற்ற சுவாரெஸைப் பெரிய அணிகள் ஏன் நாடின?

மும்முறை எதிரணியினரைக் கடித்துத் தடை பெற்ற உருகுவே கால்பந்து வீரர் லூயிஸ் சுவாரெஸைப் பெரிய அணிகள் ஏன் தொடர்ந்து நாடின என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் அடித்த கோல்களே காரணம். 2013 ஏப்ரலில் செல்சியின் இவானோவிச்சைக் கடித்து 10 ஆட்டங்களுக்குத் தடை பெற்றவர், அடுத்த பருவத்தில் லிவர்பூலுக்காக 33 லீக் ஆட்டங்களில், ஒரு பெனால்டிகூட இல்லாமல், 31 கோல்கள் அடித்தார். 2014 உலகக் கோப்பையில் இத்தாலியின் கியெல்லினியைக் கடித்து நான்கு மாதத் தடையில் இருந்தபோதே பார்சிலோனா அவரை வாங்கியது. 2015-16இல் அவர் 40 லீக் கோல்களைக் குவித்தார்.

2010 உலகக் கோப்பையில் கானாவின் கோலைக் கையால் தடுத்ததையும் பலர் இதே பட்டியலில் சேர்ப்பதுண்டு. அதற்குச் சிவப்பு அட்டையும் பெனால்டியும் உடனே கிடைத்தன, அந்தப் பெனால்டியைக் கானாதான் தவறவிட்டது என்பதால், அதை ஏமாற்று என்று நான் கருதவில்லை. மான்செஸ்டர் யுனைடெட் வீரர் பாட்ரிஸ் எவ்ராவை இனரீதியாக இழிவுபடுத்தியதற்காக 2011இல் விதிக்கப்பட்ட 8 ஆட்டத் தடையே, கடிகளைவிடவும் கனமான கறை.