வானம் யார் கையில்? கேள்வி பதில்

விமானப்படையில் ரேடார் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான், இப்போது தக்கலையில் இருக்கிறேன். வான் ஆதிக்கம் இனி எப்படி இருக்கும் என்று கேளுங்கள் என்றதும் நம்ம மாவட்டத்தில் இருந்தே நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. ரகசியம் எதுவும் இதில் இல்லை, எல்லாம் வெளியே தெரிந்த விஷயங்கள்தான்.

நாகர்கோவில், கல்லூரி மாணவர்: அண்ணா, ட்ரோன் வந்தாச்சு. இனி போர் விமானம் எதுக்கு?

உக்ரைனை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும் தம்பி. 2022இல் ரஷ்யாவிடம் விமானங்கள் பல மடங்கு அதிகம், ஆனாலும் தரையில் இருந்து விமானங்களைச் சுட்டு வீழ்த்தும் உக்ரைனின் எஸ்-300, பூக் ஏவுகணைகளை அவர்களால் முழுதாக அழிக்க முடியவில்லை, அதனால் இன்றுவரை ரஷ்ய விமானங்கள் தள்ளி நின்றுதான் சறுக்கிப் போகும் குண்டுகளை வீசுகின்றன. வானம் இரண்டு பேர் கையிலும் இல்லை, அந்த வெற்றிடத்தைத்தான் ட்ரோன் பிடித்தது.

2025 ஜூனில் ஈரானில் நடந்ததையும் சேர்த்துப் பாருங்கள். இஸ்ரேல் முன்கூட்டியே ஈரானுக்குள் கடத்தி வைத்திருந்த ட்ரோன்களும் விமானங்களும் சேர்ந்து வான் பாதுகாப்பை அடித்தன, சில நாட்களிலேயே தெஹ்ரானுக்கு மேல் இஸ்ரேல் விமானங்கள் பறந்தன. ட்ரோன் விமானத்துக்கு வழி போட்டுக் கொடுத்தது, அதன் இடத்தைப் பிடுங்கவில்லை.

மார்த்தாண்டம்: திருவனந்தபுரத்துல மாசக்கணக்குல கிடந்த எஃப்-35, அதுவா எதிர்காலம்?

அதை வைத்து ஊரே சிரித்தது, எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2025 ஜூன் 14இல் அவசரமாக இறங்கிய அந்த பிரிட்டிஷ் எஃப்-35பி, ஹைட்ராலிக் கோளாறால் ஜூலை 22இல்தான் கிளம்பியது. ரேடாருக்கு எளிதில் சிக்காத விமானம் பறக்கும்போது பயங்கரமானது, தரையில் நிற்கும்போது அதை அடிக்க ஒரு சின்ன ட்ரோன் போதும். 2025 ஜூன் 1இல் உக்ரைன் லாரிகளுக்குள் ஒளித்துக் கொண்டுபோன ட்ரோன்களால் ரஷ்யாவின் குண்டுவீச்சு விமானங்களை எரித்தது, அடிபட்ட தளங்களில் ஒன்றான பெலாயா சைபீரியாவில், உக்ரைனில் இருந்து 4,000 கிலோமீட்டருக்கும் மேல் இருக்கிறது. 1967 ஜூன் 5இல் எகிப்தின் விமானப்படையையும் இஸ்ரேல் தரையில் வைத்துத்தான் அழித்தது. அன்று அதற்கு ஒரு முழு விமானப்படை தேவைப்பட்டது, இன்று லாரி போதும். திறந்த வெளியில் விமானங்களை வரிசையாக நிறுத்தும் எந்த நாடும் இதைப் படித்துத்தான் ஆக வேண்டும், நாம் உட்பட.

அருமனை: 2025 மே சண்டையில எத்தனை விமானம் விழுந்துது சார்?

நம் தரப்பில் இழப்பு உண்டு என்று முப்படைத் தலைமைத் தளபதி ஒப்புக்கொண்டார், எண்ணிக்கை சொல்லவில்லை. பாகிஸ்தானின் ஐந்து போர் விமானங்களையும் ஒரு பெரிய விமானத்தையும் வீழ்த்தினோம் என்று விமானப்படைத் தளபதி ஆகஸ்ட் 9இல் சொன்னார், பாகிஸ்தான் மறுத்தது. எண்ணிக்கையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, இரு தரப்பு விமானிகளும் ஒருவரை ஒருவர் கண்ணால் பார்க்காமலே, அவரவர் எல்லைக்குள் இருந்தபடியே சண்டை போட்டார்கள் என்பதுதான். அந்தத் தூரத்தில் விமானியின் கைவித்தை கொஞ்சம்தான் உதவும். எதிரி எங்கே இருக்கிறான் என்று முதலில் தெரிந்து, அந்தத் தகவலை ஏவுகணை வரைக்கும் தடங்கலில்லாமல் கொண்டு சேர்க்கிறவன் ஜெயிப்பான்.

குளச்சல், மீனவர்: அண்ணே, சண்டை நேரத்துல ஜிபிஎஸ் குழம்பும்ங்கிறாங்க. போட்டுக்கும் வருமா?

வரும். ட்ரோனையும் ஏவுகணையையும் திசை மாற்ற சிக்னலை அடைப்பார்கள், இல்லையென்றால் பொய்யான சிக்னல் அனுப்புவார்கள். பக்கத்தில் இருக்கிற கப்பலும் போட்டும் சேர்ந்து மாட்டும். 2025 ஜூனில் ஹார்முஸ் நீரிணைப் பக்கம் கப்பல்கள் இருக்கும் இடத்தைத் திரை தாறுமாறாகக் காட்டியது. அடைத்தால் திரையில் ஒன்றும் வராது, நமக்கு உடனே தெரிந்துவிடும், பொய் சிக்னல்தான் மோசம், எல்லாம் சரியாக இருப்பது போலவே காட்டும். நம்ம கடற்கரை ஊர்களில் இருந்து வளைகுடாவுக்கு மீன்பிடிக்கப் போகிறவர்கள் நிறைய இருப்பதால் சொல்கிறேன், காந்தத் திசைகாட்டியைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள்.

தோவாளை, ஆசிரியை: சில லட்சம் ரூபாய் ட்ரோனைச் சுட பல கோடி ரூபாய் ஏவுகணையா? கட்டுப்படியாகுமா சார்?

ஆகாது டீச்சர். அதனால்தான் பழைய எல்-70 விமான எதிர்ப்புப் பீரங்கிக்கு மறுபடியும் மரியாதை வந்திருக்கிறது, 2025 மே மாதம் ட்ரோன்களுக்கு எதிராக அவை நன்றாகவே வேலை செய்தன. லேசரும் வருகிறது, நம் ராணுவ ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓ 2025 ஏப்ரலில் கர்னூலில் லேசரால் ஒரு ஆளில்லா விமானத்தை வீழ்த்திக் காட்டியது. ஆனால் மழை, மேகம், தூசி வந்தால் லேசருக்குத் திணறல்தான்.

திங்கள்நகர்: சீனா ஆறாம் தலைமுறை விமானத்தைப் பறக்க விட்டுட்டான். நாம?

ஆறாம் தலைமுறை இருக்கட்டும், நம்மிடம் எண்ணிக்கையே போதவில்லை. 42 ஸ்குவாட்ரனுக்கு, அதாவது போர் விமானப் பிரிவுக்கு, அனுமதி இருக்கிறது. 2025 செப்டம்பர் 26இல் மிக்-21 ஓய்வு பெற்ற பிறகு கையில் 29தான். 2021இல் நம் நாட்டிலேயே செய்யும் தேஜஸ் மார்க்-1ஏ போர் விமானங்கள் 83 கேட்டோம், இன்ஜின் வந்து சேரவே தாமதம். கோபம் வருகிறது மக்களே, மறைக்க விரும்பவில்லை. சொந்தமாக ஒரு ஜெட் இன்ஜின் செய்யாதவரை இந்தக் காத்திருப்பு தீராது.

கன்னியாகுமரி: நம்ம தென்முனைக்கு யார் காவல்?

திருவனந்தபுரத்தில் தெற்கு விமானப்படைத் தலைமையகம், சூலூரில் தேஜஸ், தஞ்சாவூரில் 2020 முதல் பிரம்மோஸ் சுமக்கும் சுகோய்-30. இதெல்லாம் சரி, என் கவலை வேறு. பூமி உருண்டை, ரேடார் அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில்தான் போகும். கடலை ஒட்டி 10 மீட்டர் உயரத்தில் வரும் ஏவுகணையை, கரையில் 20 மீட்டர் உயரத்தில் இருக்கும் ரேடார் சுமார் 30 கிலோமீட்டருக்குள் வந்த பிறகுதான் பார்க்க முடியும். ஒலியின் வேகத்தை ஒட்டி வரும் ஏவுகணைக்கு அந்தத் தூரம் இரண்டு நிமிடம்கூட இல்லை. அதே ரேடாரை 9 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்தில் ஏற்றினால் ஏறக்குறைய 400 கிலோமீட்டர் வரை பார்வைக்கோடு கிடைக்கும். மேற்கு எல்லை, வடக்கு எல்லை, மூன்று பக்கக் கடல், இத்தனைக்கும் நம்மிடம் இருக்கும் பெரிய பால்கன் ரேடார் விமானங்கள் மூன்றே மூன்று. அப்புறம் சிறிய நேத்ரா சில. புதிதாக ஒரு போர் விமான ஸ்குவாட்ரன் வேண்டுமா, ரேடார் விமானங்கள் வேண்டுமா என்று என்னிடம் கேட்டால், ரேடார் விமானங்களைத்தான் முதலில் கேட்பேன்.