அம்மா இருக்கும்போது ஹோம் எதற்கு?

வணக்கம் ஐயா,

பி.காம். முடித்து ஈரோட்டில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். எல்லோரும் பெற்றோர் இல்லாத பிள்ளைகள் என்று நினைத்திருந்தேன். பலருக்கு அம்மா இருக்கிறார். மாதம் ஒருமுறை முறுக்குப் பொட்டலத்தோடு வந்து பார்த்துவிட்டுப் போகிறார். வளர்க்க முடியாதவர்கள் ஏன் பெற்றுக்கொள்கிறார்கள் என்று கோபம் வருகிறது. இப்படிப்பட்ட குடும்பங்களுக்காக வேலை செய்ய ஆசை. எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) படிக்கவா, உளவியலா? வீட்டில் வேண்டாம் என்கிறார்கள்.

தீபா

அன்புள்ள தீபா,

எம்.எஸ்.டபிள்யூ. படியுங்கள். இரண்டு வருடம், களப்பணி உண்டு, பி.காம். போதும். சேர்ந்த பிறகு கம்பெனி வேலைக்கான மனிதவளப் பிரிவின் பக்கம் சாய்ந்துவிடாதீர்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் சமூகப் பணியாளருக்கு, மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் மாதம் 18,536 ரூபாய், அதுவும் ஒப்பந்த வேலை. வீட்டில் தயங்குவது அதற்காக என்றால் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மற்றதை நீங்களே பேசிக்கொள்ளுங்கள்.

நான் பதில் எழுத உட்கார்ந்தது அந்த ‘ஏன் பெற்றுக்கொள்கிறார்கள்’ வரிக்காக. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் பிடித்து, முறுக்கு வாங்கிக்கொண்டு வருகிற ஒருத்தியைப் பார்த்து உங்களுக்குக் கோபம் வருகிறதா? அதே கோபத்தோடு நாளைக்கு அவள் வீட்டு வாசலில் பேனாவும் கையுமாக நின்றால் என்ன எழுதுவீர்கள் என்று எனக்குத் தெரியும். ‘குடும்பச் சூழல் சரியில்லை. தாய் கூலி வேலை. பராமரிக்க இயலாதவர். இல்லத்தில் சேர்க்கப் பரிந்துரைக்கிறேன்.’ இந்த நாலு வரியில் ஹோமுக்குப் போன பிள்ளைகள் ஏராளம்.

2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, பிள்ளையை நிறுவனத்தில் வைப்பதைக் கடைசி வழியாகத்தான் சொல்கிறது. பிள்ளை எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது குழந்தைகள் நலக் குழு. அதன் முன் வரும் பிள்ளையின் வீட்டு நிலைமையைப் பற்றி 15 நாளில் சமூக விசாரணை அறிக்கை தர வேண்டும். படிவம் 22. குழுவில் இருப்பவர்கள் அந்த வீட்டைப் பார்க்கப் போவதில்லை, உங்கள் தாளைத்தான் பார்ப்பார்கள். ஆகவே அதில் தீர்ப்பு எழுதாதீர்கள், பார்த்ததை எழுதுங்கள். காலை ஏழுக்கு மில் வண்டி வருகிறது, இரவு ஏழுக்கு இறக்கிவிடுகிறது, பள்ளி நாலரைக்கு விடுகிறது என்று எழுதினால், இல்லாதது அந்த இரண்டரை மணி நேரத்துக்கு ஓர் ஆள் என்பது படிக்கிறவருக்கே தெரிந்துவிடும். பாட்டி இருக்கிறாரா, பக்கத்து வீட்டில் யார், ஷிப்ட் மாற்ற முடியுமா என்று அடுத்த பக்கம் தானாக வரும். ‘பராமரிக்க இயலாதவர்’ என்று எழுதிவிட்டால் அதோடு கதவு சாத்தியாகிவிட்டது.

பகல் பதினொரு மணிக்குப் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு ‘தாய் வீட்டில் இல்லை’ என்று எழுதுவதெல்லாம் வேலையே இல்லை. மாலையில் போங்கள், பலகை மாட்டிய ஜீப்பில் போகாதீர்கள், தெருவே கூடிவிடும். பிள்ளை எங்கே படுக்கிறது, உள்பக்கத் தாழ்ப்பாள் விழுகிறதா, அரிசி எதில் இருக்கிறது, புத்தகப் பையில் கடைசியாக எழுதிய தேதி என்ன என்று பாருங்கள். பள்ளி வருகைப் பதிவேட்டை ஆசிரியரிடம் தனியாகக் கேளுங்கள். பிள்ளையோடு தனியாகப் பேசாமல் திரும்பாதீர்கள். அடித்த தழும்போ, ஒருவர் பெயரைச் சொன்னதும் பிள்ளை ஒடுங்குவதோ தெரிந்தால் குடும்பத்தைச் சேர்த்துவைக்கிற பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். பாலியல் குற்றம் என்றால் போக்சோ 19ஆம் பிரிவுப்படி தகவல் சொல்லியே ஆக வேண்டும்.

(அமெரிக்காவில் 1974இல் டகோமாவில் தொடங்கிய, பிள்ளையை வீட்டைவிட்டுப் பிரிக்காமல் குடும்பத்துக்கு உதவும் ஹோம்பில்டர்ஸ் முறையில் ஒரு பணியாளருக்கு ஒரே சமயத்தில் இரண்டு குடும்பம்தான், நாலு முதல் ஆறு வாரம். நம் மிஷன் வாத்சல்யாவில் ஒரு மாவட்ட அலகுக்குச் சமூகப் பணியாளர் இரண்டு பேர். புலம்பி ஆகப்போவது ஒன்றுமில்லை, தெரிந்துகொண்டு வாருங்கள்.)

பிள்ளை ஹோமுக்கு வரக் காரணம் பணம்தான் என்றால், அதே திட்டத்தில் நிதி ஆதரவு இருக்கிறது, பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். கணவனை இழந்த, கைவிடப்பட்ட தாய்மார்களின் பிள்ளைகளுக்கு உண்டு. ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000க்குள் இருக்க வேண்டும். ஹோமிலிருந்து வீடு திரும்பும் பிள்ளைக்கும் கொடுக்கலாம். சிக்குவதெல்லாம் காகிதத்தில்தான். ஆதாரில் இனிஷியல் முன்னால், பாஸ்புக்கில் பின்னால். ரேஷன் கார்டு இன்னும் மாமியார் வீட்டு முகவரியில். வங்கிக் கணக்கு முடங்கிக் கிடக்கும். விண்ணப்பத்தை நிரப்பும் முன் எல்லாப் பெயரையும் எழுத்தெழுத்தாக ஒத்துப்பாருங்கள். வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்துக்கு அந்த அம்மாவோடு நீங்களும் போங்கள். தனியாகப் போனால் ஏதாவது ஒரு தாள் குறைகிறது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள், அவருக்கு இன்னொரு நாள் கூலியும் போகும்.

பணம் அனுமதியாகிக் கைக்கு வர மாதங்கள் ஆகலாம். அதை முதல் நாளே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், நம்பிக் கடன் வாங்கிவிடப் போகிறார். பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவதை முழுப்பரீட்சை முடிந்து மே மாதத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய பள்ளியில் டி.சி. வாங்கிக் கையில் வைத்துக்கொண்டுதான் ஹோமை விட்டுக் கிளம்ப வேண்டும். இல்லாவிட்டால் ஜூனில் பள்ளி திறக்கும்போது பிள்ளை வீட்டில் உட்கார்ந்திருக்கும், ‘அங்கேயே இருந்திருக்கலாம்’ என்று ஊரே சொல்லும்.