நாற்பது மணித்தியாலம்: ஒரு கடிதம்

அன்புள்ள ரீச்சர்,

வணக்கம். நான் திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன், நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். போன ஆடியில் கனடாவிலிருந்து அண்ணாவின் குடும்பம் லீவுக்கு வந்திருந்தது. அண்ணாவின் மகள் ஸ்காபரோவில் படிக்கிறாள். அங்கே 40 மணித்தியாலம் ஊர்ச்சேவை செய்தால்தான் பள்ளிப் படிப்பை முடித்த சான்றிதழ் கொடுப்பார்களாம். அவள் நூலகத்திலும் உணவு வங்கியிலும் நின்று அதை முடித்துவிட்டாள். அதைக் கேட்டதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே வாக்குவாதம். இங்கேயும் அப்படி ஒரு சட்டம் வரவேண்டும் என்பது என் கட்சி. எங்கள் மகள் பத்தாம் தரம். பள்ளிக்கூடம் விட்டால் ரியூசன், ரியூசன் விட்டால் வீடு. பக்கத்து வீட்டு ஆச்சி சுகமில்லாமல் கிடப்பதுகூட அவளுக்குத் தெரியாது. மனைவியோ, கட்டாயப்படுத்திச் செய்விப்பது சேவையே இல்லை, அடுத்த வருசம் ஓ.எல். பரீட்சை இருக்கும்போது பிள்ளையை ஏன் அலைக்கழிக்கிறீர்கள் என்கிறார். போன மாதம் பள்ளிக்கூடத்தில் கடற்கரை துப்புரவுக்கென்று கூட்டிப்போனார்கள். பதாகை பிடித்துப் படம் எடுத்து ஒரு மணித்தியாலத்தில் திரும்பிவிட்டார்கள். அதைப் பார்த்தபிறகு எனக்கும் தடுமாற்றமாக இருக்கிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

அன்புடன்,
ஒரு தகப்பன், உப்புவெளி

அன்புள்ள தம்பி,

உங்கள் மனைவியின் கேள்வி நியாயமானது. ஆனாலும் கட்டாயம் என்பது எனக்குப் பெரிய தடையாகத் தெரியவில்லை. கணிதத்தைப் பிள்ளையின் விருப்பத்தைக் கேட்டா படிப்பிக்கிறோம்? வேண்டாவெறுப்பாக வந்து, பிறகு அதிலேயே ஒட்டிக்கொண்ட பிள்ளைகளை நிறையக் கண்டிருக்கிறேன். எனக்குள்ள பயம் அந்த 40 என்ற எண்ணில்தான்.

பல வருசங்களுக்கு முன், நான் படிப்பித்த பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு முதியோர் இல்லத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனேன். ஏற்பாடு முழுக்க என்னுடையது. ஒரு வகுப்புப் பிள்ளைகள், சோற்றுப் பார்சல், பாட்டு, இரண்டு பேச்சு. பார்சலைக் கையில் வாங்கிய ஒரு அம்மா, "பிள்ளை, இன்றைக்கு இது மூன்றாவது சாப்பாடு" என்றார். அன்று யாரோ ஒருவரின் திவசம், இன்னொரு வீட்டில் பிறந்தநாள். எங்களுக்கு முன்னமே இரண்டு கூட்டம் வந்து போயிருந்தது. என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். அப்போது பின்னால் நின்ற ஒருத்தி, வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை, "வேறென்ன வேணும் அம்மம்மா?" என்று கேட்டாள். அவர் கையை நீட்டிக் காட்டினார். நகங்கள் வளர்ந்து வளைந்து கிடந்தன. பார்வை மங்கல், கை நடுக்கம், தானாக வெட்ட முடியாது. பராமரிக்க இருந்தவர்கள் இரண்டே பேர், அவர்களுக்குச் சமையலுக்கும் குளிப்பாட்டவுமே நேரம் போதாது. அலுவலக மேசையில் ஒரு நகவெட்டி இருந்தது. அந்தப் பிள்ளை அன்று பதினொரு பேருக்கு நகம் வெட்டினாள். பஸ்ஸில் ஏறும்போது என்னிடம், "ரீச்சர், இது திரும்ப வளருமே, அடுத்த முறை எப்ப வாறது?" என்று கேட்டாள்.

அடுத்த முறை என்ற ஒன்றை நான் யோசித்தே இருக்கவில்லை. அவள் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) முடியும்வரை இரண்டு கிழமைக்கு ஒருதரம் வெள்ளிக்கிழமை பின்னேரம் போய்வந்தாள். பிறகு அவளோடு இரண்டு தோழிகளும் சேர்ந்துகொண்டார்கள். அன்றிலிருந்து சேவை என்று யார் சொன்னாலும் எனக்கு வரும் முதல் கேள்வி, திரும்பப் போனீர்களா என்பதுதான்.

உங்கள் அண்ணாவின் மகள் படிக்கும் ஸ்காபரோ ஒன்ராறியோ மாகாணத்தில் இருக்கிறது. அந்த மாகாணத்தின் சட்டம், 1999இல் ஒன்பதாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகளிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. கொரோனாக் காலத்தில், 2021இல் படிப்பை முடித்தவர்களுக்கு 40 மணித்தியாலத்தை 20 ஆகக் குறைத்தார்கள். சம்பளம் கொடுத்துச் செய்விக்கும் வேலையைப் பிள்ளைகளைக் கொண்டு செய்விக்கக்கூடாது என்ற விதி அதில் உண்டு. அது எனக்கு மிகவும் பிடித்தது, ஒரு தொழிலாளியின் கூலியில் கைவைக்காத ஒழுங்கு அது. ஆனால் ஒரே இடத்துக்கு எத்தனை தரம் போனாய் என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை. நாலு இடத்தில் பத்துப் பத்து மணித்தியாலம் நின்றாலும் கணக்குச் சரி.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் 1992இல் 75 மணித்தியாலம் என்று வைத்தது. அங்கே மூன்று படி இருக்கிறது: முதலில் விசயத்தைப் படிக்க வேண்டும், பிறகு இறங்கிச் செய்ய வேண்டும், செய்து முடித்தபின் அதைப் பற்றி யோசித்துக் கதைக்க வேண்டும். பல இடங்களில் இதைப் பாடங்களோடேயே சேர்த்துவிட்டார்கள். எங்கள் ஊருக்கு இந்த வழிதான் கிட்ட வருகிறது என்று நினைக்கிறேன்.

ஏனென்று சொல்கிறேன். ஒன்ராறியோவில் வீட்டுவேலை கணக்கில் வராது. இங்கே மூதூரிலும் கிண்ணியாவிலும் எத்தனை வீடுகளில் தாய் மத்திய கிழக்கில் யாரோ ஒருவரின் வீட்டில் வேலை செய்கிறார்! மூத்த மகள் விடிய எழும்பிச் சமைத்து, தம்பி தங்கச்சியை வெளிக்கிடுத்தி அனுப்பிவிட்டுத்தான் தானும் பள்ளிக்கூடம் வருகிறாள். விடியப்புறம் தகப்பனோடு கரைவலை இழுத்துவிட்டு வந்து, இரண்டாம் பாடத்திலேயே தூங்கிப்போன பையன்களை நான் எழுப்பியிருக்கிறேன். அப்படி ஒரு பையனைப் பார்த்து, சனி ஞாயிறில் எங்காவது போய் 40 மணித்தியாலம் கொண்டுவா, இல்லாவிட்டால் சான்றிதழ் இல்லை என்று எப்படிச் சொல்வது? வசதியான வீட்டுப் பிள்ளையை அப்பாவின் வாகனம் கொண்டுபோய் இறக்கும், கையெழுத்தும் கிடைக்கும். இவனுக்குப் பஸ் காசும் இல்லை, ஓய்வு நாளும் இல்லை. ஆகவே அப்படி ஒரு சட்டம் வருவதானால் அது பள்ளிக்கூட நேரத்துக்குள், நடந்துபோகும் தூரத்துக்குள் இருக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஒரு உதாரணம். 2017 பங்குனியில் கிண்ணியாவை டெங்கு எப்படி ஆட்டிவைத்தது என்பது உங்களுக்கும் நினைவிருக்கும். நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாக ஏறக்குறைய ஏழு முதல் பத்து நாள் ஆகும் என்று பிள்ளைகள் விஞ்ஞானத்தில் படிக்கிறார்கள். சரி, அப்படியானால் ஒரு நாள் சிரமதானம் எதற்குக் காணும்? ஒரு வகுப்புக்குப் பள்ளிக்கூடத்தைச் சுற்றியுள்ள இரண்டு ஒழுங்கையைக் கொடுங்கள். கார்த்திகையிலிருந்து தை வரை, மழைக்காலம் முழுக்க, பள்ளிக்கூடம் நடக்கும் வெள்ளிக்கிழமைகளில் கடைசி இரண்டு பாடமும் அதற்கு. பழைய ரயர், சிரட்டை, பூச்சாடித் தட்டு, கூரைப் பீலி, கிணற்றடி வாளி எல்லாம் பார்த்துக் கொப்பியில் குறிக்கட்டும். அடுத்த வெள்ளியும் அதே வீடுகளுக்குப் போகட்டும். மூன்றாம் கிழமை அந்த வீட்டு ஆச்சியின் பெயர் தெரிந்திருக்கும், நாலாம் கிழமை அவருக்கு என்ன வருத்தம் என்பதும் தெரிந்திருக்கும். உங்கள் மகளுக்குத் தெரியவில்லை என்று நீங்கள் கவலைப்பட்டது இதைத்தானே?

எங்கள் நகரத்தில் தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் பெரும்பாலும் தனித்தனிப் பள்ளிக்கூடங்களில்தான் படிக்கிறார்கள். ஒழுங்கைகள் அப்படிப் பிரிந்து கிடப்பதில்லை. இரண்டு பள்ளிக்கூடங்கள் ஒரே ஒழுங்கைகளைப் பங்கிட்டுக்கொண்டால் பிள்ளைகள் ஒருவரையொருவர் வேலை செய்யும் இடத்தில் சந்திப்பார்கள். சுனாமிக்குப் பிறகு, 2004 மார்கழியின் கடைசி நாட்களில், பள்ளிக்கூடங்கள் முகாம்களாக இருந்தன. நான் நின்ற முகாமுக்குத் தெற்கிலிருந்து லொறிகளில் சாமான் வந்தது. கொண்டுவந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது, எங்களில் பலருக்குச் சிங்களம் தெரியாது. சிங்களவரும் வாழும் கந்தளாயில் கொஞ்சக் காலம் வளர்ந்த ஒரு ஏ.எல். மாணவி நடுவில் நின்று, எந்தக் கூடாரத்தில் பால்மா குடிக்கும் குழந்தை, எதில் மருந்து வேண்டிய ஆள் என்று இரண்டு பக்கத்துக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளைப் போல இன்னும் பத்துப் பேர் வேண்டியிருந்தது. அப்படியான பிள்ளைகளை நாங்கள் வளர்த்திருக்கவில்லை.

சிரமதானம் என்று எழுதினேன். இப்போது அந்தச் சொல்லுக்கு வளவு கூட்டுவது என்ற அளவுக்குத்தான் பொருள் மிஞ்சியிருக்கிறது. சிரமம் என்றால் வடமொழியில் உழைப்பு. உழைப்பைத் தானமாகக் கொடுப்பது அது. 1958இல் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன தன் மாணவர்களைக் கனதொலுவ என்ற கிராமத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே இருந்தவர்கள் சாதியின் பெயரால் ஒதுக்கிவைக்கப்பட்டிருந்த மக்கள். மாணவர்கள் அங்கேயே தங்கி அந்த மக்களோடு சேர்ந்து வேலை செய்தார்கள். சர்வோதயம் என்ற கிராம சேவை இயக்கம் அங்கிருந்துதான் தொடங்கியது. தொடங்கியவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்பதை எங்கள் அதிபர்மாருக்கு நினைவூட்ட வேண்டும்.

உங்கள் மனைவியின் ஓ.எல். கவலைக்கு என் பதில் சுருக்கமானது. எட்டாம், ஒன்பதாம் தரத்தில் இதைத் தொடங்கி, பதினோராம் தரத்தைப் படிப்புக்கு விட்டுவிடலாம். கடற்கரை துப்புரவையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பிரட்ரிக் கோட்டையிலும் நகர வீதிகளிலும் திரியும் புள்ளிமான்கள் பொலித்தீனைத் தின்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதே கடற்கரைத் துண்டுக்கு அதே வகுப்பு மாதாமாதம் போய், எந்தக் குப்பை எங்கிருந்து வருகிறது என்று எண்ணி எழுதினால் அது நல்ல வேலை. பதாகை வேண்டாம். உதவி வாங்குகிறவரின் முகம் படத்தில் வரவே வேண்டாம்.

சட்டம் வரும்வரை நீங்கள் காத்திருக்கத் தேவையில்லை. மகளைப் பக்கத்து வீட்டு ஆச்சியிடம் அனுப்புங்கள். முதல் நாள் நீங்களும் கூடப் போங்கள். ஒரு நகவெட்டியும் கொண்டுபோகட்டும். கை நகம் மட்டும் போதும். ஆச்சிக்குச் சலரோகம் இருந்தால் கால் நகத்தைப் பிள்ளை தொடக்கூடாது, அதைக் கிளினிக்கில் தாதியிடம் காட்டச் சொல்லுங்கள். இரண்டு கிழமை கழித்து மகள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ரீச்சர்