லிங்கன் ரெட் இம்ப்ஸ்: ஜிப்ரால்டரின் குட்டி கிளப் ஐரோப்பாவில் ஆடுவது எப்படி?

ஸ்பெயினின் தென்முனையை ஒட்டிய பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதி ஜிப்ரால்டர். பரப்பு ஏழு சதுர கிலோமீட்டர்கூட இல்லை. 1976-இல் அங்கே பிறந்த கால்பந்து கிளப்தான் லிங்கன் ரெட் இம்ப்ஸ். உள்ளூர் லீக்கை எத்தனை முறை வென்றாலும் பல்லாண்டுகள் வெளியே வழி இருக்கவில்லை. ஸ்பெயினின் எதிர்ப்பைத் தாண்டி, 2013-இல் ஜிப்ரால்டர் ஐரோப்பியக் கால்பந்து ஒன்றியமான யூஃபாவின் உறுப்பினரானதும் கதவு திறந்தது. உறுப்பு நாட்டு லீக்கில் வென்ற அணி ஐரோப்பியக் கிளப் போட்டிகளின் தகுதிச்சுற்றில் ஆடலாம். தாலுகாவில் ஜெயித்த அணி, ஊர் எவ்வளவு சிறிதானாலும், மாவட்டப் போட்டிக்குப் போகிறதல்லவா? அதுபோலத்தான்.

2016 ஜூலை 12-ஐ மறக்க முடியாது. விமான ஓடுதளத்தை ஒட்டிய விக்டோரியா மைதானத்தில், ஒருகாலத்தில் ஐரோப்பியக் கோப்பையையே வென்ற ஸ்காட்லாந்தின் செல்டிக்கை 1-0 என வீழ்த்தினார்கள். கோல் அடித்த லீ காசியாரோ போலீஸ்காரர்! மறு ஆட்டத்தில் 3-0 எனத் தோற்று வெளியேறினாலும், அந்த இரவின் பெருமை குறையவில்லை. 2021-இல் யூஃபாவின் மூன்றாம் நிலைக் கிளப் போட்டியான கான்ஃபரன்ஸ் லீக்கின் குழுச்சுற்றையும் எட்டினார்கள்.

பிரிட்டிஷ் பகுதி என்பதால் இவர்கள் இங்கிலாந்து லீக்கில் ஆடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். ஜிப்ரால்டருக்குத் தனிச் சங்கமும் தனி லீக்கும் உண்டு.