இங்கிலாந்தில் சிகிச்சை முடிந்த பிறகும் முதியவர்கள் ஏன் மருத்துவமனையிலேயே இருக்க வேண்டியிருக்கிறது?

இதைத் 'தாமதமான டிஸ்சார்ஜ்' என்பார்கள். டாக்டர் போகலாம் என்று சொல்லிவிட்டார், ஆனால் போக முடியவில்லை.

இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒரு பாட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். காயம் ஆறிவிட்டது. ஆனால் காலையில் எழுப்பிவிட, குளிப்பாட்ட, கழிவறைக்குக் கைபிடித்துக் கூட்டிப்போக ஆள் வேண்டும். தனியாக வசிப்பவர் என்றால் அந்த ஆள் கிடைக்கும்வரை கட்டில் காலியாகாது.

சிகிச்சை ஒரு கையில், பராமரிப்பு இன்னொரு கையில் இருப்பதுதான் சிக்கல். 1948-ல் தொடங்கிய என்எச்எஸ் எனும் அரசுப் பொது மருத்துவச் சேவை வரிப்பணத்தில் நடக்கிறது. மருத்துவமனைச் சிகிச்சைக்கு அங்கே வசிப்பவர்கள் காசு கட்டுவதில்லை. வீட்டுப் பராமரிப்பும் முதியோர் இல்லமும் உள்ளாட்சி மன்றங்களின் பொறுப்பு. அங்கே தேவையையும் சொத்தையும் அளந்து பார்த்துத்தான் உதவி. 23,250 பவுண்டுக்கு மேல் கையிருப்பு இருந்தால் பொதுவாகச் செலவு அவரவருடையது. இந்த வரம்பு 2010-லிருந்து நகரவே இல்லை, விலைவாசி மட்டும் நகர்ந்துகொண்டே இருக்கிறது! பராமரிப்பு வேலைக்குச் சம்பளமும் குறைவு என்பதால் ஆட்கள் நிலைப்பதில்லை.

இறங்கும் கதவு சிக்கிக்கொண்ட பேருந்து மாதிரிதான். இறங்க வேண்டியவர் உள்ளே நிற்க, ஏற வேண்டியவர் நிறுத்தத்தில் தவிக்கிறார். அவசரப் பிரிவில் தள்ளுகட்டிலில் காத்திருப்பவர்களும், வாசலில் வரிசைகட்டும் ஆம்புலன்ஸ்களும் அந்த நிறுத்தத்துக் கூட்டம்தான்.

அப்புறம், நோயாளி வீம்புக்காகக் கட்டிலைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று சிலர் நினைப்பது தவறு. ஏற்பாடு செய்ய வேண்டியவர்கள் செய்து முடிக்கும்வரை அவரால் கிளம்ப முடியாது.