விளக்கு முதலில், லென்ஸ் பிறகு: குறைபார்வை கேள்வி-பதில்

கே: அப்பாவுக்கு மாகுலா சிதைவு (விழித்திரையின் நடுப்பகுதி சிதைந்து நேர்ப்பார்வை மங்கும் நோய்). இணையத்தில் 10 மடங்கு உருப்பெருக்கி வாங்கிக் கொடுத்தேன். ஒன்றும் தெரியவில்லை என்கிறார். 20 மடங்கு வாங்கலாமா?
– வாசகர், திருச்சி

ப: வேண்டாம். மடங்கு கூடக் கூட லென்ஸில் தெரியும் பரப்பு சுருங்கும். தாளையும் நெருக்கிப் பிடிக்க வேண்டும். 5 மடங்குக்குச் சுமார் 5 செ.மீ., 10 மடங்குக்கு அதில் பாதி. கை லேசாக நடுங்கினாலே எழுத்து கலங்கிவிடும். அப்பாவின் வயதை எழுதவில்லை, பார்வை அளவையும் எழுதவில்லை. லென்ஸின் விலையை மட்டும் பைசா சுத்தமாக எழுதியிருக்கிறீர்கள். லோ விஷன் (குறைபார்வை) கிளினிக்கில் பார்வையை அளந்த பிறகு வாங்குங்கள். அதுவரை பக்கவாட்டில் ஒரு மேசை விளக்கு வையுங்கள். விளக்கு முதலில், லென்ஸ் பிறகு. எத்தனை முறைதான் எழுதுவது!

கே: உருப்பெருக்கி பயன்படுத்தினால் மிச்சப் பார்வையும் தேய்ந்துவிடுமா?
– வாசகி, நாகர்கோவில்

ப: தேயாது.

கே: பார்வை மங்கிய பாட்டி, சுவரோரம் சிறு பிள்ளைகள் நிற்பதாகச் சொல்கிறார். மந்திரிக்கச் சொல்கிறார்கள்.
– வாசகர், தேனி

ப: மந்திரவாதிக்குக் கொடுக்கும் பணத்தைக் கண் மருத்துவருக்குக் கொடுங்கள். இது பெரும்பாலும் சார்லஸ் போனே நோய்க்குறி, 1760இலேயே பதிவானது. கண்ணிலிருந்து தகவல் குறைந்தால் மூளை தானே படம் வரைந்துகொள்ளும். புத்தி பேதலிப்பு அல்ல. பாட்டியிடம் அதைச் சொன்னாலே பாதி பயம் போய்விடும். குரல்களும் கேட்டால், குழப்பமாகப் பேசினால், தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கே: அம்மாவுக்கு ஐம்பதாயிரத்துக்கு மேல் செலவழித்து வீடியோ உருப்பெருக்கி (அடியில் வைப்பதைக் கேமரா மூலம் திரையில் பெரிதாகக் காட்டும் கருவி) வாங்கினோம். தொடவே மாட்டேன் என்கிறார். எப்போதும் சோர்ந்து படுத்திருக்கிறார். இந்த அடத்தை எப்படி மாற்றுவது?
– வாசகர், கோவை

ப: இரண்டு பக்கக் கடிதத்தில் கருவியின் திரை அளவு இருக்கிறது, உத்தரவாதக் காலம் இருக்கிறது. அம்மாவுக்கு எதைப் பார்க்க ஆசை என்று ஒரு வரி இல்லை. எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை இப்படித்தான். மகன் வாங்குவார், பேரன் பெட்டியைப் பிரிப்பார், யாரும் பழக்கித் தர மாட்டார்கள்; பிறகு பழி கிழவியின் மேல். போதாக்குறைக்கு, பேப்பரை நீங்களே வாசித்துக் காட்டுகிறீர்கள், மாத்திரையை மருமகள் எடுத்துத் தருகிறார், பூக்கட்டக்கூட விடுவதில்லை. படுக்காமல் வேறென்ன செய்வார்?

மாகுலா சிதைவு உள்ளவர்களிடம் நடத்திய அமெரிக்க ஆய்வு 2014இல் வெளியானது. இரு பிரிவினருக்கும் கண்ணாடி, லென்ஸ் உதவி கிடைத்தது. ஒரு பிரிவினருக்கு மட்டும், பிடித்த வேலைகளைத் திரும்பத் தொடங்கப் பயிற்சியாளர் வீட்டுக்கே போய்ப் பழக்கினார். மற்றவர்களிடம் ஆறுதலாகப் பேசியதோடு சரி. நான்கு மாதத்தில் மனச்சோர்வில் விழுந்தவர்களின் விகிதம், முதல் பிரிவில் மற்றப் பிரிவினதில் ஏறக்குறைய பாதிதான்.

மாத்திரை அட்டையில் தொடங்குங்கள். காலையில் பத்து நிமிடம், கருவியின் அடியில் அட்டையை அவரே நகர்த்தட்டும். பின்புறம் கறுப்பு, எழுத்து வெள்ளை என மாற்றிப் பார்க்கட்டும். வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு போடாதீர்கள். அடர்நிறத் தட்டு வாங்குங்கள். மேசை விளக்கையும் சொல்லிவிட்டேன்.

கே: மகனுக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா (இரவுப்பார்வையும் சுற்றுப்பார்வையும் மெல்லக் குறையும் கண்நோய்), 19 வயது. இரவில் இடித்துக்கொள்கிறான். பெரிய லென்ஸ் உதவுமா? வெள்ளைக்கோல் எடுத்தால் ஊரில் என்ன பேசுவார்கள்?
– வாசகி, சேலம்

ப: சுற்றுப்பார்வை சுருங்கிய கண்ணுக்குப் பெரிதாக்கிக் காட்டினால், தெரியும் பரப்பு இன்னும் குறையும். நடக்க லென்ஸ் உதவாது, கோல்தான் உதவும். முறையாகப் பயிற்சி பெறட்டும். சாக்கடையில் விழுந்தாலும் ஊர் பேசத்தான் செய்யும்.

கே: இலவசமாக ஏதும் உண்டா?
– வாசகர், மதுரை

ப: உங்கள் கைப்பேசியிலேயே உண்டு. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்ல ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர். எழுத்தைப் பெரிதாக்கும் வசதி இரண்டிலும் இருக்கிறது.